நாய்ச்சாவு என்றொரு நோய்

இந்த முறை கொஞ்சம் அருவருப்பான விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரவும் :)

நம் ஊர்த் தெருச் சண்டைகளில் வரும் சாபங்களைக் கவனித்திருக்கிறீர்களா? "பேதியில போவ", "கொள்ளையில போவான்", "கழிச்சல்ல போக". இன்றைக்கு இதைச் சொல்கிற பாட்டிக்கும், கேட்டுச் சிரிக்கிற பேரனுக்கும் இதெல்லாம் வெறும் வசவு. ஆனால் மூன்றுமே ஒரு காலத்தில் ஊரையே காலி செய்த நோய்களின் பெயர்கள். கொள்ளை என்றால் திருட்டு அல்ல, கொள்ளைநோய். பேதி என்றால் வாந்திபேதி. பள்ளிப் புத்தகம் காலரா என்று சொல்லிக் கொடுத்தது இந்த நோயைத்தான்.

காலரா என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடப் போய், நான்கைந்து மொழிகளில் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரேக்கம். அங்கே 'கோலே' என்றால் பித்தம். அதிலிருந்து வந்தது 'கோலெரா' என்பதுதான் வழக்கமான விளக்கம். ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே இந்தச் சொல் இருக்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், உள்ளே கெட்டுப்போன பித்தம் மேலும் கீழும் வெளியேறுகிறது என்பது அவர்கள் கணக்கு. (கோலெரா என்பது கூரையிலிருந்து மழைநீர் கொட்டும் தாரைக்கான சொல்லோடு தொடர்புடையது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. நோயைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படும்.)

நம் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தின் வாதம், பித்தம், கபம் போல அவர்களுக்கும் உடம்பில் ஓடும் நீர்மங்களின் கணக்கு ஒன்று இருந்தது. மஞ்சள் பித்தம் அதிகமானால் கோபக்காரன். ஆங்கிலத்தில் கோபத்துக்கு இருந்த பழைய சொல் 'காலர்'. கருப்புப் பித்தம் அதிகமானால் சோகம், அதுதான் 'மெலன்கலி'. ஆக கோபம், சோகம், வயிற்றுப்போக்கு மூன்றும் அங்கே ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். பிரெஞ்சிலிருந்து 'கொல்ர்' என்று வந்த சொல்லுக்கு, பிற்காலத்துப் படிப்பாளிகள் கிரேக்க மூலத்தைக் காட்டுவதற்காக நடுவில் ஒரு 'ஹ' எழுத்தைச் செருகினார்கள். உச்சரிப்பில் இல்லாத அந்த எழுத்து எழுத்துக்கூட்டலில் மட்டும் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில டிக்டேஷனில் மதிப்பெண் இழந்தவர்கள் திட்ட வேண்டியது இவர்களைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கோலெரா என்று அழைக்கப்பட்டது நாம் அறிந்த காலராவே அல்ல என்பது. 1669ல் லண்டனில் தாமஸ் சிடன்ஹாம் விவரித்ததும் கோடை முடிவில் பழமும் கெட்ட உணவும் தின்று வருகிற வயிற்றுக் கோளாறுதான். ஆளை வாட்டும், சிலரைக் கொல்லவும் செய்யும். ஆனால் நாடு நாடாகப் பரவி ஊர்களை அழிக்காது. அந்தப் பெயரை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இப்போது கோவாவுக்கு வருவோம்.

1543ல் கோவாவில் ஒரு பெரும் கொள்ளைநோய். காஸ்பர் கொர்ரேயா என்ற போர்ச்சுகீசியர் தன் இந்திய வரலாற்று நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். காலையில் நன்றாக இருந்தவன் மாலைக்குள் செத்தான். அடக்கம் செய்ய ஆள் போதவில்லை. தேவாலயத்தில் சாவு மணி ஓயாமல் அடித்ததில் மக்கள் மிரண்டு போக, மணி அடிக்கக்கூடாது என்று கவர்னர் உத்தரவு போட்டார். இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்க்கவும் சொன்னார். இரைப்பை சுருங்கிக் கிடந்தது தவிர மருத்துவர்களுக்கு எதுவும் புலப்படவில்லை.

உள்ளூர் மக்கள் சொன்ன நோய்ப் பெயரைக் கொர்ரேயா 'மொரிஷி' என்பது போல எழுதினார். இருபது வருடம் கழித்து, 1563ல், அதே கோவாவில் கார்சியா த ஓர்தா என்ற மருத்துவர் இந்திய மருந்துகளைப் பற்றி ஒரு புத்தகம் அச்சிட்டார். இந்திய மண்ணில் அச்சேறிய மிகப் பழைய புத்தகங்களில் அதுவும் ஒன்று. (பாவம் அந்த மனிதர். யூத வம்சாவளி என்பதற்காக, இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 1580ல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.) அவர் தெளிவாகச் சொல்கிறார்: இந்தியர்கள் 'மொர்ஷி' என்கிறார்கள், நாங்கள் அதைக் கெடுத்து 'மொர்தெஷி' என்கிறோம். தன் நாட்டார் ஒரு சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ளும் மனிதரை எனக்குப் பிடிக்கிறது.

மூலச் சொல் மராத்தியும் கொங்கணியும். 'மோட்ணே' என்றால் ஒடிவது, முறிவது, தளர்ந்து விழுவது. அதிலிருந்து 'மோட்ஷி'. ஆள் அப்படியே ஒடிந்து விழுகிற நோய். நடுவில் உள்ள அழுத்தமான 'ட' போர்ச்சுகீசியர் காதில் 'ர' போல விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எப்படியோ மோட்ஷி மொர்ஷியாகி, மொர்தெஷியாகி, மொர்தெஷிம் என்று மூக்கொலியும் சேர்ந்துகொண்டது.

அடுத்து வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மொர்தெஷிம் அவர்கள் வாயில் 'மொர்தெஷாங்' என்று ஆகி, பிறகு யாரோ ஒருவருக்கு அதில் தன் சொந்த மொழி கேட்டுவிட்டது. 'மோர்' என்றால் சாவு. 'ஷியாங்' என்றால் நாய். மோர் த ஷியாங், நாயின் சாவு! பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து எழுதிய ஏசு சபைப் பாதிரியார் ஒருவர், இந்தியாவில் மொர்தெஷாங் என்று அழைக்கப்படும் பெரும் அஜீரணத்தை நம்மவர்கள் சிலர் நாய்ச்சாவு என்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அஜீரணமாம்! ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோகிற நோயை அஜீரணம் என்ற பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். வைத்தியம் என்ன தெரியுமா? இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் குதிகாலில் சூடு போடுவது. நோயாளிக்குச் சூடு உறைத்தால் பிழைப்பான் என்று பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாய்க்கும் இந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றியது. தெருவோரத்தில், தன் கழிவிலேயே கிடந்து, கவனிக்க ஆளில்லாமல் சாவதை நாமும் 'நாய் மாதிரி செத்தான்' என்றுதானே சொல்கிறோம். அதனால் தப்பான எழுத்துக்கூட்டல் சரியான சொல்லை விழுங்கிவிட்டது. ஆங்கிலேயரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற கப்பற்படை மருத்துவர் 1782, 1783ஆம் ஆண்டுகளில் கப்பல்களிலும் சென்னைக் கடற்படை மருத்துவமனையிலும் பார்த்த நோய்களைப் பற்றி 1807ல் வெளியிட்ட நூலில் இந்த நாய்ச்சாவுப் பெயர் வருகிறது. ஆங்கிலேயர் வாயில் புகுந்த இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886ல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில்தான் இந்த மொத்தக் கதையும் அவிழ்க்கப்பட்டது. யூல், பர்னல் என்ற இருவர் செய்தது அது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்.

இதே மாதிரி இன்னொரு விபத்து ஜப்பானில் நடந்தது. 1822ல் முதலிலும், 1858ல் இன்னும் பெரிதாகவும் அங்கே காலரா வந்தபோது, 'கொலெரா' என்ற அயல்சொல் அவர்கள் காதில் 'கொரோரி' என்று விழுந்தது. கொரோரி என்றால் ஜப்பானியத்தில் சட்டென்று உருண்டு விழுவது. நாம் 'பொட்டுனு போயிட்டான்' என்கிறோமே, அந்தப் 'பொட்டு'தான். அதை எழுதும்போது புலி, ஓநாய், வயிற்றுக் கழிச்சல் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். பிரெஞ்சுக்காரருக்கு நாய், ஜப்பானியருக்குப் புலியும் ஓநாயும்.

நம் பக்கம் இப்படி மிருகம் எதுவும் நுழையவில்லை. சமஸ்கிருத வைத்தியத்தில் 'விசூசிகா'. சூசி என்றால் ஊசி, உடம்பெல்லாம் ஊசி குத்துவது போன்ற வலி என்பதால் அந்தப் பெயர். தமிழில் விசூசிகை என்று புத்தகத்தில் இருந்தாலும் மக்கள் வாயில் நின்றது பேதிதான். பேதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. பேதம், பேதித்தல் என்பதன் உறவு அது. பிளப்பது, உடைப்பது. மராத்திக்காரன் 'ஒடிதல்' என்ற சொல்லில் இருந்து மோட்ஷியை எடுத்தான், நம் பேதி 'உடைத்தல்' என்ற சொல்லில் இருந்து வந்திருக்கிறது. பித்தத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

காலரா என்பது பிறகு ஆங்கிலம் வழியாக வந்தது. காபி, காலேஜ் போல, ஆங்கிலேயரின் 'ஒ'வை நம் காது 'ஆ' என்று பிடித்துக்கொண்டது. ஈழத்தில் கோப்பி என்பது போல அங்கே கொலரா.

சரி, ஒரு சொல்லின் எழுத்து மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்கதை.

1817 ஆகஸ்டில், இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெஸ்ஸூரில் நோய் வெடித்தது. அங்கே இருந்த ஆங்கில மருத்துவர் ராபர்ட் டைட்லர் இது கெட்ட அரிசியால் வருகிறது என்று நம்பி, லத்தீனில் 'அரிசி நோய்' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டவில்லை. ஒட்டியது பழைய ஐரோப்பியப் பெயர்: காலரா. இங்கிலாந்தில் கோடையில் வரும் வயிற்றுக் கோளாறின் பெயரை, வங்காளத்தில் ஆயிரக்கணக்கில் கொல்லும் நோய்க்கு அப்படியே தூக்கி வைத்தார்கள். அடுத்த வருடமே நோய் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. 1824ல் வில்லியம் ஸ்காட் தொகுத்த அறிக்கை சென்னையில் அச்சானது. 1827 ஜூலை 6ல் கவர்னர் தாமஸ் மன்றோவே கர்னூல் பக்கம் பத்திக்கொண்டாவில் காலராவால் இறந்தார். சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

பெயர் செய்த முதல் கேடு மருந்தில். காலரா என்றால் பித்தம். ஆனால் இந்த நோயாளிகளிடமிருந்து வெளியேறுவதில் பித்தத்தின் நிறமே இல்லை. அரிசி களைந்த கழுநீர் போல இருக்கும். மருத்துவர்களும் அதைக் கவனித்தார்கள். கவனித்துவிட்டு, "அப்படியானால் பெயர் தப்பு" என்று பலர் சொல்லவில்லை. "பித்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும்" என்றார்கள். அதற்குக் கொடுத்தது கேலமெல் என்ற பாதரச உப்பு, ஒரு வேளைக்கு இருபது கிரெய்ன் வரை. கூடவே அபின். கூடவே ரத்தம் எடுத்தல். உடம்பில் இருக்கும் நீர் அத்தனையும் வற்றிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு பேதிமருந்தும் கொடுத்து ரத்தத்தையும் எடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் கேலமெலை எல்லா நோய்க்கும்தான் கொடுத்தார்கள், ஆகவே பழி முழுவதையும் பெயர் மேல் போடமாட்டேன். ஆனால் பித்தம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்தது அவர்களுக்கு ஒரு வசதியான சமாதானமாக இருந்தது.

உண்மையில் காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். இதை 1831 கடைசியிலேயே ஓஷானசி என்ற 22 வயது இளைஞர், நம்மில் பலருடைய வயதுதான், நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்தார்: ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்திருக்கின்றன. 1832ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பு வழியே செலுத்தி, சாகக் கிடந்த சிலரை எழுப்பி உட்கார வைத்தார். அப்புறம்? மறந்துவிட்டார்கள். லாட்டா அடுத்த வருடமே இறந்துபோனார். ஓஷானசி கல்கத்தாவுக்கு வந்து, பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டுப் புகழ் பெற்றார். உப்புநீரை மறுபடி எடுத்து ஒழுங்காகப் பயன்படுத்த இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1971ல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாளி வாளியாகக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அங்கே முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இரண்டாவது கேடு இன்னும் மோசம். 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் காலரா இறங்கியது. உடனே கப்பல்களுக்குத் தடை. நிலக்கரி வியாபாரம் நின்றது. கப்பல் முதலாளிகள் கொதித்துப் போனார்கள். நவம்பரில் ஊர் மருத்துவர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள்: இங்கே வந்திருப்பது ஆசியக் காலரா அல்ல, வருடா வருடம் வருகிற நம் ஊர் வயிற்றுக் கோளாறுதான். ஓரமாக வைக்கச் சொன்னேனே, அந்தப் பழைய பெயர் இங்கேதான் வேலைக்கு வந்தது. இரண்டு நோய்க்கும் ஒரே பெயர் இருந்ததால், "காலராதான், ஆனால் அந்தக் காலரா இல்லை" என்று நெஞ்சறிந்து சொல்ல முடிந்தது. அடுத்த வருடம் அது லண்டனுக்கும் போய், நாடு முழுக்கப் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 2006ல் எத்தியோப்பியாவிலும், 2016, 2017ல் சூடானிலும் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அரசுகள் வெளியிட்ட பெயர் 'கடும் நீர்ப்பேதி'. காலரா என்ற சொல் அறிக்கையில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். சொன்னால் ஏற்றுமதி படுத்துவிடும், சுற்றுலா நின்றுவிடும். 1991ல் காலரா வந்தபோது பெரு நாட்டின் மீன் ஏற்றுமதிக்கு அதுதான் நடந்தது, ஆகவே பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பெயர் சொல்லாவிட்டால் தடுப்பு மருந்தும் உதவியும் தாமதமாகத்தான் வரும். கோவாவில் 1543ல் மணியை நிறுத்திய கவர்னர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

நேர்மாறாகவும் நடக்கிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவியபோது, சோதனையில் காலரா என்று தெரிந்ததும் புதுச்சேரி அரசு அந்தப் பெயரைச் சொல்லியே பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். என்ன நோய் என்று தெரிந்ததால் ஜனங்களுக்கும் என்ன செய்வது என்று தெரிந்தது.

கடைசியாக ஒரு துணுக்கு. மைக்ரோபயாலஜி படிக்கும் தோழி ஒருத்தியிடம் இந்தப் பித்தக் கதையைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆய்வகத்தில் காலரா கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்க்க ஒரு பச்சை நிறக் கூழ்த்தட்டு இருக்கிறதாம். அதில் மற்ற குடல் கிருமிகள் பலவும் வளராமல் அடங்கிவிடும், காலரா கிருமி மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி வைத்து வளரும். மற்ற கிருமிகளை அடக்குவதற்காக அந்தக் கூழில் சேர்க்கும் சரக்குகளில் ஒன்று, மாட்டுப் பித்தம்.